வாசகர் வட்டத்துக்கு ஒரு வெறும் அறை

கொழும்பில், வெள்ளவத்தை நூல்நேயர் வட்டம் மாதம் ஒருமுறை, பௌர்ணமி விடுமுறையான போயா நாளில், மாசிலாமணி மாஸ்டர் வீட்டில் கூடும். வீடு கடற்கரைப் பக்கம், மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல். சண்டை மறுபடி தொடங்கிய பிறகு மாஸ்டர் அந்த ஜன்னலைத் திறப்பதில்லை. கடலை வேவு பார்த்ததாக யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். இப்போது வாசிக்கிற புத்தகத்தை ஒவ்வொருவரும் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு வடை, பிளேன்ரீ, இலக்கியம்.

ராமையா மேசையில் வைத்தது ஒரு பழைய லப்டொப்.

"இதென்ன?" என்றார் மாஸ்டர்.

"நான் வாசிக்கிற புத்தகம் மாஸ்டர். உள்ளுக்குள்ள இருக்கு. நூத்திப் பன்னிரண்டாம் பக்கம்."

"தம்பி, நீர் வாசிக்கேல்லை. பார்க்கிறீர். ஆக்கள் டீவி பார்க்கிற மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். ராமையாவும் சிரித்தான். வெள்ளவத்தைக் கடைத்தெருவான காலி வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் அவனுக்கு வேலை. பிறந்தது மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தன்னைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரிப்பது அவனுக்குப் பழக்கமாகியிருந்தது.

"டோன்ட் மிஸ்டேக் மீ, ராமையா," என்றார் கொன்ஸ்ரன்ஸ் மிஸ். கொட்டாஞ்சேனையில் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். "படுத்திருந்து வாசிக்கேக்க இதை நெஞ்சில வைக்கேலுமா? சுடும்."

"கரண்ட் போனா கதையும் போயிடும் தானே," என்றார் ஸஹாப்தீன் நானா. அவருக்குத் துணிக்கடை.

மாஸ்டர் தன் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார். "மணம். இது இல்லாட்டி இலக்கியம் இல்லை." அவர் நிற்பது முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் என்று குறிப்பேட்டில் பதிவானது. போன மாதமும் அதே பக்கம்தான். அவர் ஆழமாக வாசிக்கிறார் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

ராமையாவின் பெயருக்கு நேரே 'பார்வையாளர்' என்று எழுதப்பட்டது. பதினொரு மாதமாக அப்படித்தான்.

அவன் கடதாசிக்கு எதிரி அல்ல. ஒன்பது வருடத்தில் ஐந்து அறை மாறியவன். ஒவ்வொரு முறையும் அவசரத்தில்தான் கிளம்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு அறையிலும் ஒரு பெட்டி புத்தகத்தை விட்டுவிட்டு வந்தான். ஐந்தாவது அறையில் புத்திசாலியாகிவிட்டான். சென்னையில் இருக்கும் ஒரு கூட்டாளி, ஸ்கான் செய்த புத்தகங்களை சீடியில் எழுதி அனுப்புவான். நாற்பது சீடி. ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் முழு நூலகம்.

அந்த ஐந்தாவது அறை இராமலெட்சுமியக்காவின் வீட்டில். அக்கா ஜிந்துப்பிட்டியிலிருந்து கலியாணமாகி வந்தவர். புருஷன் போன பிறகு ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார். அவன் வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"இங்க பாருங்க ராமையா. செக்கிங் வந்து உங்க ரூம்ல ஒரு சாமானைக் காட்டி என்னைக் கேள்வி கேட்டாங்கன்னா, அன்னைக்கே உங்க பேரை லிஸ்ட்ல வெட்டிருவேன். எனக்கும் வேற போக்கிடம் இல்ல."

லிஸ்ட் என்பது பொலிஸில் பதிந்த வீட்டுப் பட்டியல். யார் தங்கியிருக்கிறார், என்ன காரணத்துக்காக. அதில் பெயர் இல்லாதவனுக்கு அடுத்த செக்பொயின்ற் வரைக்கும்தான் கொழும்பு. ஆகவே ராமையா அறையை வெறுமையாக வைத்திருந்தான். ஒரு பாய், மூன்று சட்டை, லப்டொப், தகரம். சுவரில் கலண்டர்கூட இல்லை.

ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. ராமையாவுக்குக் கடை லீவு. மாஸ்டர் வீடு இருக்கும் குறுந்தெருவில், அந்த ஒழுங்கையில், வெள்ளிக்கிழமை விடியச் சோதனை என்று கதை பரவியது. பத்து மணிக்கு மாஸ்டர் ஒரு முச்சக்கர வண்டியில் ராமையாவின் வாசலில் வந்து இறங்கினார். கூடவே இரண்டு அரிசிச் சாக்கு.

"தம்பி, உம்மட அறை வெறும் அறை. வெறும் அறையை ஒருத்தரும் கிண்டமாட்டினம்."

"சாக்குல என்னங்க மாஸ்டர்?"

"இலக்கியம்."

"பிரச்சினையான இலக்கியமா?"

"அவங்களுக்கு எது பிரச்சினை எண்டு ஆருக்குத் தெரியும்? ஒண்டுக்கு அட்டை சிவப்பு. இன்னொண்டிலை புலி நிக்குது."

"புலியா?"

"சின்னப்பிள்ளையளின்ரை கதை. தேன் குடிக்கப் போற புலி. எண்டாலும் புலிதானே."

"அதை மட்டும் எரிச்சிடலாமே மாஸ்டர்."

"முதற்பதிப்பு," என்றார் மாஸ்டர், மனம் புண்பட்டவராக. "ரெண்டே ரெண்டு நாள். வட்டத்திலை ஒருத்தருக்கும் சொல்லாதையும். நான் பயந்திட்டன் எண்டு நினைப்பினம்."

மாஸ்டர் அவன் அறைக்கு வருவது அதுதான் முதல் தடவை. அவரை உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி இல்லை. அந்த வெட்கத்தில் ராமையா சரி என்று சொல்லிவிட்டான்.

பின்னேரம் மூன்று மணிக்கு கொன்ஸ்ரன்ஸ் மிஸ் வந்தார். கையில் சூட்கேஸ். ராமையா சாக்குகளின் மேல் பாயைப் போட்டு மூடி, அதற்கு முன்னால் நின்றுகொண்டான்.

"எங்கட லேன்ல ரவுண்டப் எண்டு ஃபாதர் சொன்னவர். என்ட புக்ஸ் எல்லாம் ஹாம்லெஸ், ராமையா. நாவல்தான். ஆனா தமிழ் எழுத்து எண்டாலே அவங்களுக்கு ஒரு மாதிரி."

"சரிங்க மிஸ்."

"மாஸ்டருக்குச் சொல்லிப்போடாதீங்கோ. அவர் தன்ட புக்ஸை விட்டு ஒரு இஞ்சி அசையமாட்டார். அந்த வைராக்கியம் எனக்கு இல்லை."

அவர் போன சூட்டோடு ஸஹாப்தீன் நானா வந்தார். புத்தகங்களைத் துணிச் சுருள் போலக் கட்டியிருந்தார்.

"துணிக்கடையில இவ்வளவு புத்தகம் எதுக்கெண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ற? தம்பி, கரண்ட் போனா கதை போயிடும் எண்டு அண்டைக்கு நான் சொன்னத மனசுல வெச்சிக்காதீங்க. பகிடிக்குச் சொன்ன."

"இல்லீங்க நானா."

"உங்களுக்கென்ன, எல்லாம் தகரத்துக்குள்ள. நாங்கதான் கடதாசியக் கட்டி மாரடிக்கிற."

வியாழக்கிழமை காலை இராமலெட்சுமியக்கா தேநீர் கொடுக்க வந்து கதவருகே நின்றுவிட்டார். படுக்க இடம் வேண்டி ராமையா இரவே மூட்டைகளைப் பிரித்து அடுக்கியிருந்தான். மூன்று சுவரோரமும் இடுப்பளவு புத்தகம். நானூறுக்குக் குறையாது. நடுவில் ஒருக்களித்துப் படுக்க மட்டும் இடம்.

"ரெண்டு நாளைக்குத்தாங்க அக்கா."

"நாளைக்குச் சாயந்தரம் இது இங்க இருந்தா நீங்க இங்க இல்ல."

வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்கு அவர்கள் வந்தார்கள். மாஸ்டரின் ஒழுங்கையை விட்டுவிட்டு, இராமலெட்சுமியக்காவின் ஒழுங்கைக்கு.

வாசலில் இரண்டு சிப்பாய்கள். அறைக்குள் வந்தது ஒரு சப் இன்ஸ்பெக்டர். சுற்றிவரப் பார்த்தார். இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"மேவா மொனவாத?"

"பொத், சேர்," என்றான் ராமையா.

புத்தகம் என்பது அவருக்கே தெரிந்தது. எதற்கு இவ்வளவு என்பதுதான் கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததை எடுத்தார். அட்டையில் புலி.

தன்னை ஊருக்குத் திருப்பி அனுப்பப்போகும் மஸ்கெலியா பஸ் ராமையாவுக்குக் கண்ணில் தெரிந்தது. அதுகூட நல்ல முடிவுதான். அதைவிட மோசமான வண்டிகளும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கதவருகே இராமலெட்சுமியக்கா பட்டியலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் பக்கங்களைப் புரட்டினார். தேன்கூடு. முயல் ஒன்று கண்ணாடி போட்டிருந்தது. பெரிய எழுத்து. அவருடைய முகம் கொஞ்சம் இளகியது.

"குருவரயெக்த?"

வாத்தியாரா என்று கேட்கிறார். ராமையா வாழ்நாளில் யாருக்கும் எதையும் படிப்பித்ததில்லை. இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அவனிடம் பதில் கிடையாது.

"ஓவ், சேர்."

அக்கா கண்ணிமைக்காமல் சிங்களத்தில் தொடங்கினார். நல்ல மனிதர். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சல்லிகூட வாங்குவதில்லை. இன்ஸ்பெக்டர் பட்டியலை வாங்கி, ராமையாவின் பெயருக்கு நேரே தன் கையாலேயே எழுதினார்: ஆசிரியர், அறை நிறையப் புத்தகம். கையெழுத்தும் போட்டார்.

திரும்பும்போதுதான் லப்டொப்பைக் கண்டார். இதற்குள் என்ன என்றார்.

"அதுவும் பொத், சேர்."

"கோ?" எங்கே என்று திறந்து பார்த்தார். பற்றரி செத்திருந்தது. கறுத்த திரை. அவர் சிரித்தார். புத்தகம் என்றால் இதோ என்று கடதாசி அடுக்கில் தட்டிக் காட்டினார். கையில் எடுக்கலாம், பார்க்கலாம். இது என்ன, யாருக்குத் தெரியும்? இந்த விஷயத்தில் அவரும் மாஸ்டரின் கட்சி. லப்டொப்பும் தகரமும் நாற்பது சீடியும் ஜீப்பில் ஏறின. போகும்போது ராமையாவை 'மாத்தயா', ஐயா, என்று அழைத்துத்தான் விடைபெற்றார்.

ராமையா புலிப் புத்தகத்தை அடுக்கில் திரும்ப வைத்தான்.

"சாயந்தரம் எல்லாத்தையும் கொண்டுபோய்க் குடுத்துர்றேன் அக்கா."

"என்னா கதைக்கிறீங்க? ஒரு புத்தகம் வெளிய போகக்கூடாது. கையெழுத்துப் போட்டு எழுதிட்டுப் போயிருக்காரு. அடுத்த தடவை வந்து வாத்தியார் இருக்காரு, புத்தகம் எங்கன்னு கேட்டா? வித்துட்டார்னு சொல்லவா? புத்தகம் இருக்கிற வரைக்கும் உங்க பேர் இருக்கும். போனா, பேரும் போகும்."

இரண்டு நாள் ராமையாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாஸ்டர் கேட்டால் என்ன சொல்வது? முதற்பதிப்பு. அந்த மணம். பொலிஸ் நிலையத்துக்குப் போய் லப்டொப்பைக் கேட்கவும் பயம். வாத்தியார் எங்கே படிப்பிக்கிறார் என்று கேட்டுவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேற்றடியில் முட்டிக்கொண்டார்கள்.

"தம்பிக்குச் செக்கிங் எண்டு கேள்விப்பட்டன். சுகம் விசாரிக்க வந்தனான்," என்றார் மாஸ்டர்.

"நானும்," என்றார் கொன்ஸ்ரன்ஸ் மிஸ்.

"ஓம் ஓம், சுகம் கேக்கத்தான்," என்றார் ஸஹாப்தீன் நானா.

அறைக்குள் வந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் புத்தகங்களைக் கண்டார்கள். பிறகு மற்றவர்களின் புத்தகங்களைக் கண்டார்கள்.

ராமையா நடந்ததைச் சொன்னான். புத்தகங்களைத் திருப்பித் தர முடியாது என்பதையும் சொன்னான். கும்பிடக்கூடக் கை எழுந்தது.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப, இஞ்சை இருக்கிறதுக்குப் பொலிஸ் அனுமதி இருக்கு."

"ஆமாங்க. எழுதியே குடுத்திருக்காரு."

"கையெழுத்தோடை?"

"கையெழுத்தோட."

மாஸ்டரின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. அதை மறைக்க அவர் பெரிதாக முயலவும் இல்லை. "இவ்வளவு காலமும் தனியாள் சொத்து. இனி இது சமூகத்தின்ரை சொத்து. ராமையா, இண்டையிலிருந்து நீர் வட்டத்தின்ரை நூலகர். குறிப்பேட்டிலை போடுவம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்டிலை இன்னும் ரெண்டு மூட்டை கிடக்கு."

"என்ட அலுமாரியிலயும் கொஞ்சம் இருக்கு," என்றார் மிஸ்.

ஸஹாப்தீன் நானா ஏற்கனவே கைபேசியில் கடைக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமைக்குள் எல்லாம் வந்து சேர்ந்தன. புத்தகம் ஜன்னல் வரை ஏறியது. பாய் விரிக்க இடம் போனது. இராமலெட்சுமியக்கா வந்து பார்த்துவிட்டு, பாயைச் சுருட்டித் தானே ஹோலுக்குக் கொண்டுபோனார். தையல் மெஷினுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவில் விரித்தார்.

"இங்க காத்தும் வரும்."

"வாடகை அக்கா?"

"ரூம் உங்க பேர்ல தானே இருக்கு."

கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸுக்கு மட்டும் ஒரு சங்கடம். உண்மையாகவே பாதியில் நிற்கிற நாவல் ஒன்று அந்தக் குவியலில் இருந்தது. வெளியே கொண்டுபோக அக்கா விடவில்லை. ஆகவே மிஸ் பின்னேரங்களில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து, அறைக்குள் ஒரு நாற்காலி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். அந்த நாற்காலி மாஸ்டரின் அன்பளிப்பு.

ஒருநாள் ராமையா வேலை முடிந்து வந்து பாயில் உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து மிஸ்ஸின் குரல் கேட்டது.

"ராமையா, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ. புக்ஸ் எல்லாம் வேர்க்குது."

ராமையா எழுந்தான். சட்டையைச் சரிசெய்துகொண்டு, தன் அறைக் கதவை இரண்டு தரம் தட்டிவிட்டு உள்ளே போனான்.