கத்பர்ட்டின் இரட்டைப் பங்கு

எங்கள் ஊர்க் கரைவலைக்குக் கண் எல்வின்தான். கரையிலேயே உயரமான தென்னையில் ஏறி உட்கார்ந்து, பாரை மீன் கூட்டம் வருவதைப் பார்த்துச் சங்கு ஊதுவான். உடனே படகு போய் வலையை வளைக்கும். கரையில் நின்று வலைக் கயிற்றை இழுத்த எல்லோருக்கும் ஒரு பங்கு, ஊதியவனுக்கு இரண்டு. எல்வின் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தப் பங்கில்தான்.

அவனோடு பள்ளியில் படித்த கத்பர்ட், இருபது வருடம் நியூயார்க்கில் புரூக்ளினில் லிஃப்ட் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து கரையில் ஆறு அறை விடுதி கட்டினான். சட்டைப் பொத்தான் போடாதவன் மரத்தில் தொங்கினால் விருந்தாளிகளின் போட்டோ கெட்டுவிடுமாம். மரம் தன் நிலத்தில் நிற்கிறது என்று சொல்லி, அடிமரத்தைச் சுற்றித் தகரம் அடித்தான். எலி ஏறாமலிருக்க அடிக்கிற தகரத்தை எல்வினுக்கு அடித்தான், பாவி.

மூன்று வாரம் சங்குச் சத்தமே இல்லை. கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்து எல்வின் சுட்ட சீமைப்பலாவை மென்றுகொண்டிருந்தான். மீன் விற்கிற எனக்கும் கூடை காலி.

விடுதி விளம்பரத்தில் போட்ட வலையிழுப்பு எங்கே என்று கடைசியில் விருந்தாளிகளே கேட்டார்கள். எல்வினைக் கூப்பிட கௌரவம் இடம் கொடுக்குமா? இஸ்திரி மடிப்புக் கலையாமல் கத்பர்ட்டே ஒரு சங்கோடு ஏணி வைத்து ஏறினான். தண்ணீரில் கறுப்பாக ஒரு திட்டைக் கண்டதும் கன்னம் புடைக்க ஊதினான்.

யார் ஊதினாலும் ஓட வேண்டும், அது எங்கள் வழக்கம். ஊரே ஓடியது. எல்வினும் கயிற்றைப் பிடித்தான். இரண்டு மணி நேரம் இழுத்ததில் வந்து சேர்ந்தது அரை லாரி அழுகல் பாசி. விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினார்கள்.

"உனக்குக் கீழருந்தே தெரிஞ்சிருக்குமே, ஏன் சொல்லல?" என்று எல்வினைக் கேட்டேன்.

"என்னை யாரு கேட்டா? நான் இப்ப கீழ நிக்கிறவன்தானே."

வலைக்குச் சொந்தக்காரி அயாந்தி பங்கு பிரித்தாள். எங்கள் பங்கைத் தோட்டத்து உரத்துக்கு எடுத்துக்கொண்டோம். கத்பர்ட்டின் இரட்டைப் பங்கை விடுதி வாசலில் கொட்டினோம். அவன் குதித்தான்.

"நீதானேப்பா ஊதின?" என்றாள் அயாந்தி. "உன் பங்கைக் குறைச்சா ஊர் என்னைத்தான் ஏசும்."

மறுநாள் காலை கத்பர்ட் சுத்தியலோடு மரத்தடியில் மண்டியிட்டுத் தகரத்தைப் பிடுங்கினான். எல்வின் பக்கத்திலேயே நின்றான்.

"அந்தப் பக்கம் இன்னொரு ஆணி இருக்குடா" என்றான்.

பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நிதானமாக ஏறினான். விருந்தாளிகள் ஓடிவந்து போட்டோ எடுத்தார்கள். கத்பர்ட்டைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.