கணக்கு விசில்

சரக்கைக் குறை சொல்கிறவன்தான் வாங்க வந்தவன். புகழ்கிறவன் வேறு எதற்கோ வந்தவன். நேரு வீதியில் எவர்சில்வர் விற்ற என் அப்பா கல்லாவில் உட்கார்ந்து தினமும் ஓதிய மந்திரம் இது.

என் தங்கை புருஷன் ஆதிமூலம், ஆலை வேலைநிறுத்த வழக்கில் உள்ளே போய், 2006 மழைக்காலத்தில் ஜாமீனில் வந்திருந்தான். கூட்டம், ஊர்வலம் எதிலும் தலை காட்டக் கூடாது. காட்டினால் ஜாமீன் ரத்து, மறுபடி சிறை. வந்ததிலிருந்து மனிதன் வாயே திறக்கவில்லை. அந்த ஆலைக் கதையை ஒரு குழு பாட்டு நாடகமாகப் போடுகிறது என்று தெரிந்ததும், "பாட்டையாவது கேக்கட்டும்ண்ணே" என்று தங்கை அஞ்சலாட்சி பிடிவாதம் பிடித்தாள். "ஆனா நாடகமும் கூட்டமாயிடாதா?"

"டிக்கெட் கிழிச்சா அது யாவாரம்மா. யாவாரத்த எவன் புடிப்பான்?" என்றேன். வக்கீலைக் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்பார் என்பதால் கேட்கவில்லை.

முத்தியால்பேட்டை மண்டபத்தில் விளக்கு அணைவதற்கு முன்பே ஒரு சேதி வரிசை வரிசையாக இறங்கி வந்தது: "சஃபாரி சட்டை. சிஐடி." அந்தச் சட்டைக்காரர் நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஆதிமூலத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தார். அடர்ந்த மீசை. சிமிட்டாத கண்.

மேடையில் கைதிகள் பாடினார்கள்:

"பூட்டுக்கொரு சாவி உண்டு,
சாவிக்கொரு துரையும் உண்டு,
துரையப் பூட்ட ஊருக்குள்ள
யாரு உண்டு, யாரு உண்டு?"

வேறு ஊராக இருந்தால் துண்டு பறந்திருக்கும். இங்கே மண்டபமே சஃபாரியைத் திரும்பிப் பார்த்தது. அவர் கை மடியிலேயே கிடந்தது. அதனால் யார் கையும் தட்டவில்லை. சிரிப்பு வந்தவர்கள் இருமிச் சமாளித்தார்கள்.

எங்களுக்குப் பின்னால் ஒருவன் மட்டும் தொடையைத் தட்டித் தட்டி ரசித்தான். "இன்னா பாட்டு! இன்னா தைரியம் சார் இவனுங்களுக்கு!" வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினான். "இவரு உங்க ஆளா? பேசவே மாட்டேன்றாரு?"

"தங்கச்சி வூட்டுக்காரரு. பேரு கோபிநாத். காது மந்தம் சார்." கூசாமல் விற்றேன். இந்தப் பயந்தாங்கொள்ளிக் கூட்டத்தில் ஒரு ஆம்பளையாவது இருக்கிறானே என்று கடலையும் தின்றேன்.

அப்போதுதான் மேடையில் சிறைக் காவலர் கைதிகளைத் தலை எண்ண விசில் ஊதினார். "கணக்கு! ரெண்டு ரெண்டா குந்து!"

ஆதிமூலம் நாற்காலியிலிருந்து சரிந்தான். நடைபாதையில் குந்தி, தலையைக் கவிழ்த்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டான். அவன் உட்காரவில்லை, அவன் உடம்பு உட்கார்ந்தது.

"மாப்ள, ஏந்திரு. எல்லாரும் பாக்கறாங்க, ஏந்திருய்யா." காலரைப் பிடித்து இழுத்தேன். அம்மிக்கல்லை இழுத்த மாதிரி இருந்தது. அஞ்சலாட்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சஃபாரி எழுந்து வந்தார். "சார், காலு மரத்துப்போச்சு சார். செருப்ப வேற காணோம், தேடறாரு," என்று ஒரே மூச்சில் இரண்டு பொய்யை எடுத்துப் போட்டேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று.

அவர் இரண்டையும் எடுக்கவில்லை. முட்டி சொடக்க, ஆதிமூலத்தின் தோளோடு தோள் ஒட்டிக் குந்தினார். தலையைக் கவிழ்த்தார்.

"ஜோடி இல்லாம குந்துனா அடி விழும் தம்பி," என்றார் தரையைப் பார்த்தபடி. "நான் பிரகாசம். எட்டு வருசம் உள்ள இருந்தேன்." பிறகு உரக்க, "ஒண்ணு!" என்றார்.

"ரெண்டு!" என்றான் ஆதிமூலம். ஜாமீனில் வந்த பிறகு அவன் குரலை அப்போதுதான் கேட்டோம்.

மேடைக் காவலர் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார். எங்கிருந்தோ ஒருவன் கத்தினான்: "டேய், சிஐடி இல்லடா, அவரும் நடிகருடா! ரெண்டு பேருமே நடிகருங்க!" அவ்வளவுதான். பயந்து பூட்டி வைத்திருந்த கைதட்டலெல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தது. எனக்குத் தோன்றாத பொய்யை மண்டபமே சேர்ந்து சொன்னது. ஆமாம், நடிகர்தான் என்று நானும் எல்லாப் பக்கமும் தலையாட்டினேன்.

பின்னாலிருந்தவன் மட்டும் தட்டவில்லை. கடலைத் தோலை மடியிலிருந்து உதறிவிட்டு எழுந்தான். குனிந்து, "காது நல்லாத்தான் கேக்குது. பிரமாதமா நடிக்கற, ஆதிமூலம்," என்றான்.

அந்தப் பெயரை அன்று மாலை எங்களில் யாரும் உச்சரிக்கவே இல்லை. அப்பாவின் மந்திரம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செல்போனைக் காதில் வைத்தபடி அவன் வாசலுக்கு நடந்தான். அங்கே எங்கள் ஊர்ச் சிவப்புத் தொப்பி போட்ட நிஜப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கிளாஸைக் கீழே வைப்பது தெரிந்தது.

"அண்ணே, பின்கதவு!" என்றாள் அஞ்சலாட்சி. பார்த்தேன். பூட்டு தொங்கியது.

"மாப்ள, ஏந்திரு. கூட்டத்தோட கூட்டமா போயிடலாம்."

ஆதிமூலம் அசையவில்லை. "இன்னொரு விசில் ஊதணும் மச்சான். அப்பதான் ஏந்திரிக்கலாம்."

கைதட்டலுக்கு நடுவே, வாசல் பக்கமிருந்து அது கேட்டது.