பவளத்தில் ஏறிய வெள்ளைக் கோடு

என் வீட்டுக்காரரிடம் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். ஒன்று, கண்ணாடித் தொட்டியில் வளர்த்த பவளம். இன்னொன்று, அவருடைய இடது கால். மனுஷன் முதல் நோயாளியைத்தான் விழுந்து விழுந்து கவனித்தார்.

பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற கல் இல்லை. உயிருள்ளது. உப்புத் தண்ணீரில் கிளை விட்டு ஊதா நிறத்தில் நிற்கும். கூடத்தில் சோபா போட வேண்டிய இடத்தில் அந்தத் தொட்டிதான் குடியிருந்தது. திடீரென்று பவளத்துக்கு அடியிலிருந்து சதை உரிய ஆரம்பித்தது. உரிந்த இடத்தில் வெறும் வெள்ளை எலும்பு. அந்த வெள்ளைக் கோடு நாளுக்கு நாள் மேலே ஏறியது.

"கோட்டுலயே வெட்டக்கூடாது. நோய் கூடவே வந்துடும். மேல, நல்ல சதையில வெட்டணும்" என்று எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே கிளையைக் கத்தரித்தார். அயோடின் தண்ணீரில் முக்கினார். பசை போட்டுப் புதுக் கல்லில் ஒட்டி, தனியாக ஒரு வாளியில் வைத்தார். கோடு அங்கேயும் வந்து சேர்ந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

காலில் இருந்தது செருப்பு கடித்த புண். சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்ச்சி செத்து வெகு நாளாகிறது. "வலிக்கவே இல்ல, எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?" என்றவரை நான்தான் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். சிவப்பும் மஞ்சளுமாக கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்து, ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார் அந்தம்மா. வேளை தவறாமல் நானே எடுத்துத் தண்ணீரோடு கொடுத்தேன். "தொட்டியைப் பாத்துட்டே போட்டுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போவார். நானும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

"கோடு நின்னுடுச்சு! வந்து பாரேன்!" என்று ஒரு காலையில் கூப்பாடு போட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வாரமே அவருடைய கட்டைவிரல் கறுத்தது.

டாக்டரம்மாவுக்குக் குழப்பம். "டெஸ்ட்ல பாத்தா இந்த மருந்துக்கு அந்தக் கிருமி செத்திருக்கணும். ஒழுங்கா சாப்பிடறாராம்மா?"

"என் கையாலதான் கொடுக்கறேன் டாக்டர்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாற்றுத் துணி எடுக்கக் கிளம்பினபோது, "அந்த வாளித் தண்ணியை மட்டும் மாத்திடு" என்றார். வீட்டுக்கு வந்து, உப்புப் பொட்டலத்தைத் தேடித் தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்தேன். பவளக் கிளை வெட்டுகிற கட்டரை வைக்கும் டப்பா நிறைய கேப்ஸ்யூல் கூடுகள் கிடந்தன. எல்லாம் காலி. பிரித்து, பொடியை வாளியில் கொட்டியிருக்கிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் அந்த மருந்து தர மாட்டார்கள். காலுக்குச் சீட்டு இருந்தது.

டப்பாவைக் கொண்டுபோய் அவர் மடியில் கவிழ்த்தேன். "ஏங்க?"

"எனக்கு வலிக்கல. அது கண்ணெதிர உரிஞ்சுட்டு இருந்துச்சு. அது தேறினதும் நான் சாப்பிட்டுக்கலாம்னு..."

ஓங்கி ஒன்று விடத்தான் கை துடித்தது. டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா எக்ஸ்ரே படத்தை எடுத்துக் காட்டினார். "இப்ப எலும்புக்கே போயிடுச்சும்மா" என்றார்.

முழங்காலுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டார்கள். விரலுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே எவ்வளவு நல்ல தோல்! "இங்க நல்லாத்தானே இருக்கு டாக்டர்? ஏன் இவ்வளவு மேல?" என்று கெஞ்சினேன்.

பதில் சொன்னது என் வீட்டுக்காரர். "நல்ல சதையிலதான் வெட்டணும்." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார்.

இப்போதெல்லாம் மாத்திரையை நானே அவர் நாக்கில் வைக்கிறேன். "விழுங்கிட்டேன்" என்றாலும் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

நேற்று வீட்டுக்குப் போனபோது வாளியைச் சாக்கடையில் கொட்டத்தான் தூக்கினேன். வெள்ளை எலும்பின் மேல் புதிதாக ஊதாச் சதை படர்ந்திருந்தது. கை வரவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

"அது எப்படி இருக்கு?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே கேட்டார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"ஆறிடுச்சு."

சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.