நடந்தவரும் வந்தவரும்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நெடும்பாதையை முழுதாக நடந்து முடித்து, அதே பாதையில் முழுதாக நடந்து திரும்பி, நூற்று இருபதாவது நாள் மதியம் இரண்டரை மணிக்குத் தன் வீட்டு அழைப்புமணியை அழுத்தியபோது, அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்து எழுபது நாட்கள் ஆகியிருந்தன. கதவைத் திறந்தது அவர் மனைவி. தாடியையும் முதுகுப்பையையும் பார்த்தாள். திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். அங்கே அவள் கணவர் பனியனோடு உட்கார்ந்து ஒரு கண்ணாடியின் காதுக்கம்பிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். மறுபடி வாசலைப் பார்த்தாள். "இன்னும் எத்தனை பேரு வருவீங்க?" என்று கேட்டாள். பிறகு, ஷூவை வெளியிலேயே கழற்றிவிட்டு வரச் சொன்னாள்.

நெடும்பாதை எங்கள் ஊர்ப் பேருந்துப் பணிமனையின் பின்சுவரை ஒட்டித் தொடங்குகிறது. ஆயிரத்து நூற்று எண்பது கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ஒரு கல். கடைசிக் கல் மரங்களெல்லாம் நின்றுபோன உயரத்தில் ஒரு கணவாயில் இருக்கிறது. போனவர்கள் எல்லாரும் தொட்டுத் தொட்டு அதன் தலை வழவழப்பாகிவிட்டது. ஆண்டுக்கு இருநூறு முந்நூறு பேர் கிளம்புவார்கள், கால்வாசிப் பேர் முடிப்பார்கள், முடித்தவர்கள் மறுபக்கம் இறங்கிப் பேருந்து பிடித்து ஊர் வந்துவிடுவார்கள். கல்லைத் தொட்டுவிட்டு வந்த வழியே நடந்து திரும்புகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களை ஊர் கொஞ்சம் மரியாதையோடும் நிறையச் சந்தேகத்தோடும் பார்க்கும். கண்ணாடிக் கடைக்காரர் அந்த வகையில் சேர ஆசைப்பட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. இருபது வருடமாக இருபதடி தள்ளி எழுத்து அட்டையை மாட்டி, "கீழ் வரி தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். அவர் வாழ்க்கையிலேயே பெரிய தூரம் அந்த இருபதடிதான், ஆகவே ஆசையில் தப்பு சொல்ல முடியாது.

தப்பு வேறிடத்தில் இருந்தது. அவர் பொய் பேசுகிறவர் அல்ல, ஆனால் "இதோ வந்துட்டேன்" என்று சொல்கிறவர். நம் பேச்சில் இப்படி ஒரு வசதி இருக்கிறது: நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே வந்து முடித்துவிடலாம். கடையிலிருந்து வீடு பத்து நிமிட நடை. வாடிக்கையாளரின் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி "இதோ வந்துட்டேன்" என்பார், இரண்டு மணி நேரம் கழித்து வருவார். மகள் பிறந்த அன்றைக்கும் அப்படித்தான், மாமனார் இறந்த அன்றைக்கும் அப்படித்தான். மனைவி முதல் சில வருடம் அழுதாள், அப்புறம் குத்திக்காட்டப் பழகிக்கொண்டாள். "ஓ, வந்துட்டீங்களா? எனக்குத்தான் கண்ணு தெரியலை போல. நல்ல கண்ணாடியா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்பாள். இந்த விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அவர் நடக்கத் தொடங்கி ஐம்பதாவது நாள், பன்னிரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாளாகியும் இறங்கவில்லை. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், மகளின் ரத்தத்தை அவளே எடுத்து அவளே பார்த்தாள். அன்று காலை பதினோரு மணிக்கு, ஆஸ்பத்திரி வார்டு வாசலில் நின்று போன் செய்தாள். அவர் ஆயிரமாவது கல்லுக்குப் பக்கத்தில் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார். பாதையில் சிக்னல் கிடைக்கிற சில இடங்களில் அது ஒன்று.

"என்னங்க, இவளுக்குத் தட்டணு இருபத்திரண்டாயிரத்துக்கு இறங்கிடுச்சு. ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துட்டேன். எனக்கு பயமா இருக்கு. வாங்க."

"இதோ வந்துட்டேன்" என்றார் அவர்.

அவள் போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுப்பதற்குள், முதுகுப்பையோடும் பிழிந்து முடிக்காத காலுறையோடும் அவர் வார்டு வாசலில் நின்றார். மூச்சுகூட வாங்கவில்லை. பையை வெளியே வைக்கும்படி நர்ஸ் சொன்னாள், வைத்தார். மனைவி எதுவும் கேட்கவில்லை. மகள் அந்தக் கிடப்பு கிடக்கும்போது அதையெல்லாம் கேட்க யாருக்கு நேரம்? இருபது வருடத்தில் அவர் சொன்ன ஆயிரக்கணக்கான 'வந்துட்டேன்'களில் ஒன்று பலித்துவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். பதினோரு நாள் அவர் அந்த வார்டைவிட்டு நகரவில்லை. மகள் வாந்தி எடுக்கும்போது பேசின் பிடித்தார். கடையிலிருந்து எழுத்து அட்டையை வரவழைத்துக் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார். முதல் இரண்டு நாள் அவளால் மேலே இருந்த பெரிய எழுத்தைக்கூடச் சொல்ல முடியவில்லை. பதினோராம் நாள் கடைசி வரியைத் தட்டுத்தடுமாறாமல் படித்தாள், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இது ஒரு பக்கம். ஆயிரமாவது கல்லில் அவர் இன்னும் இருந்தார். அவரைப் பற்றி ஊரில் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நான் விசாரித்த வரையில் அவர் உண்மையாகவே வரத்தான் கிளம்பினார். அந்தக் கல்லிலிருந்து ஒரு கிளைப்பாதை கீழே இறங்குகிறது, இரண்டு நாளில் தார்ச்சாலை, அங்கிருந்து ஒன்றரை நாள் பேருந்து. நனைந்த காலுறையோடே இறங்கினார். அரை மணி இறங்கியதும் மனசு கேட்காமல் மனைவிக்குப் போன் செய்து மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

"இப்பதானே வார்டுக்குள்ள போனீங்க? அதுக்குள்ள எங்கருந்து பேசறீங்க, கேன்டீன்லயா? அப்படியே பிளாஸ்க்ல வெந்நீர் பிடிச்சுட்டு வாங்க."

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அவர் காதில் அது குத்தலாக விழுந்தது. இருபது வருடம் கேட்ட குரல், இருபது வருடம் கேட்ட தோரணை, வேறு எப்படி விழும்? மகள் இப்படிக் கிடக்கும்போதுகூட இவளுக்குக் குத்திக்காட்டத் தோன்றுகிறதே என்று உடம்பெல்லாம் எரிந்தது. போனை அணைத்துப் பையின் அடியில் போட்டார். இறங்கிய வழியே ஏறி, கல்லைத் தாண்டி, கடைசிக் கல்லைப் பார்த்து நடந்தார். கோபம் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் வெட்கம் வந்தது. அதற்குள் கிளைப்பாதை நாற்பது கிலோமீட்டர் பின்னால் போயிருந்தது, சிக்னலும் இல்லை. ஐம்பத்தொன்பதாம் நாள் கணவாய்க் கல்லில் கையை வைத்தபடி போன் செய்தார். ஓர் ஆண்குரல் எடுத்தது. "யாருங்க?" என்றது. "நீங்க யாரு?" என்றார் இவர். "நீங்க யாரு?" என்றது அதுவும். தன் குரலே எதிரொலித்துத் திரும்புகிறது என்று நினைத்தார். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் மகள் எதற்கோ சிரிப்பது தெளிவாகக் கேட்டது. பிழைத்துவிட்டாள் என்று தெரிந்ததும் கல்லில் நெற்றியை வைத்து அழுதார்.

அங்கிருந்தாவது அவர் பேருந்து பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. இவ்வளவு செய்துவிட்டுப் பாதியில் விட்டால் எல்லாமே வீணாகிவிடும் என்று தோன்றியதாம். எதைச் செய்துவிட்டு, எது வீணாகும் என்று நான் அவரை நேரிலேயே கேட்டேன். கறுத்துப்போன கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு விஷயத்தில் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை, அவர் வீட்டாரும் மன்னித்ததாகத் தெரியவில்லை.

அடையாளத்துக்காக ஊர் ஒருவரை நடந்தவர் என்றும் மற்றவரை வந்தவர் என்றும் சொல்லத் தொடங்கியது. இருவருக்கும் புருவத்தில் அதே தழும்பு, அதே கையெழுத்து. ஐம்பதாவது நாள் காலை பதினோரு மணி வரைக்கும் நினைவுகளும் ஒன்றுதான். நடந்தவருக்கு ஆறு நகம் கறுத்திருந்தது, வந்தவருக்குச் சின்னத் தொப்பை விழுந்திருந்தது. வந்தவர் எங்கேயும் போவதை யாரும் பார்த்ததில்லை, வந்திருப்பதை மட்டும்தான் பார்த்தார்கள். காலையில் வீட்டில் இருப்பார், அப்புறம் கடையில் இருப்பார், இடையில் தெரு கிடையாது. வந்தவர் செய்கிற படிக்கும் கண்ணாடியில் எறும்பின் கால்கூடத் தெரியும், தூரக் கண்ணாடி மட்டும் அவருக்குக் கைவரவில்லை. நடந்தவருக்கு நேர் எதிர். இரண்டும் சேர்ந்த கண்ணாடி கேட்டவர்களுக்காக இருவரும் ஒரே மேசையில் முகம் பார்க்காமல் உட்கார்ந்து செய்தார்கள். பாதை அலுவலகத்தில் வேறு சிக்கல். ஆள் வீடு திரும்பிவிட்டால் உடனே தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் தேடக் கிளம்பிவிடுவார்கள் என்பது விதி. மனைவி ஐம்பத்தோராம் நாளே தெரிவித்துவிட்டாள். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'நடை கைவிடப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். மேல்முறையீடு செய்ய வழி இருந்தும் நடந்தவர் செய்யவில்லை.

இதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மகள்தான் அவரை உடைத்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவள் அப்பாவை 'நீ, வா, போ' என்றுதான் சொல்வாள். அம்மா எத்தனை அதட்டியும் மாற்றிக்கொள்ளவில்லை, அவருக்கும் அது உள்ளூரப் பிடிக்கும். வந்தவரிடம் இப்போதும் அப்படித்தான் பேசினாள். நடந்தவரைப் பார்த்து, "உட்காருங்க, தண்ணி வேணுமா?" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்திருக்கிற பெரியவரிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினாள். ஒருநாள் அவர் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைக் காட்டி, இது எப்படி வீட்டுக்கு வந்தது என்று கேட்டார். "அது ஆஸ்பத்திரியில இருந்தது. அது உங்களுக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு போனாள். அந்த 'ங்க' அவருக்கு நாளெல்லாம் காதில் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டார். "நான் இங்க யாரு?"

"ரெண்டு பேரும் நீங்கதான்" என்றாள் அவள். "ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும், அனுப்ப மனசு வரலை. ஆனா அந்தப் பதினோரு நாளை அவர்கிட்டருந்து பிடுங்கி உங்ககிட்டக் குடுன்னா நான் எங்க போவேன்?"

அவளுடைய பேச்சில் அன்று குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. மறுவாரமே மறுபடி பாதைக்குப் பெயர் கொடுத்தார். ஓடிப்போகிறார் என்று ஊர் சொன்னது, அவரும் மறுக்கவில்லை. கிளம்பும்போது மகள் வாசலில் நின்று, எப்போது வருவீங்க என்று மரியாதைக்குக் கேட்டாள். அவர் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது, மூடிக்கொண்டது. விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "போக அம்பத்தொன்பது நாள், மேல ஒரு நாள், வர அறுபது. நூத்தி இருபது நாள் ஆகும்மா." அவள் சரிங்க என்றாள்.

இந்தத் தடவை சிக்னல் கிடைத்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் போன் செய்தார். பேசுவதற்கு அவரிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை, இருக்கிற இடத்தைச் சொன்னார். "முந்நூத்தி நாப்பதாவது கல்லுல இருக்கேன். நூத்தி மூணு நாள் ஆகும்." "எழுநூறாவது கல்லு. மழை. எண்பத்தஞ்சு நாள்." மகள் முதலில் ம் கொட்டினாள், அப்புறம் நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள், அப்புறம் கல் எண்ணைக் கேட்டதும் நாளை அவளே சொல்லத் தொடங்கினாள். ஆயிரமாவது கல்லில் அவர் அந்தக் கிளைப்பாதையைப் பார்த்தபடி ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். கடைசிக் கல்லைத் தொட்டுத் திரும்பினார். வழியில் எழுநூற்று அறுபதாவது கல்லில் இருந்தபோது வீட்டிலிருந்தே போன் வந்தது. பள்ளியில் ஏதோ சண்டை. மகள் வெகுநேரம் மூக்கை உறிஞ்சினாள்.

"வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துடலாமே" என்றாள். "ஏன் நடந்துக்கிட்டே இருக்கீங்க?"

சொல்லிவிடலாம். அடுத்த நொடி அவள் தலையைத் தடவ ஒரு கை இருக்கும். "சொன்னா வேற ஒருத்தர் வருவாரும்மா" என்றார். "அவர் நல்லவராத்தான் இருப்பார். ஆனா நான் இங்கயேதான் இருப்பேன். நான் வர முப்பத்தெட்டு நாள் ஆகும்." மகள் போனை வைக்கவில்லை. சார்ஜ் தீரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

நூற்று இருபதாம் நாள் அவர் வரவில்லை. நாற்பதாவது கல்லுக்குக் கீழே ஆற்றில் வெள்ளம், அங்கே சிக்னலும் கிடையாது. அன்று மாலை மகள் சாப்பிடவில்லை. அம்மா அவள் தட்டை மூடிவைத்தாள். மறுநாள் நாலு மணிக்கு, முழங்கால் வரைக்கும் சேறோடு அவர் மணியை அழுத்தக் கையை நீட்டும்போதே கதவு திறந்தது. மகள் இடுப்பில் கைவைத்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நேத்து வர்றேன்னுதானே சொன்னே? ஒரு நாள் லேட்டுப்பா நீ."

"ஆத்துல தண்ணிம்மா."

"ஷூவை வெளியவே கழட்டு" என்றாள்.

உள்ளே, சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்த வந்தவர் எழுந்து தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். அந்த மேசை மூன்று பேருக்கு அளவெடுத்துச் செய்தது, நான்கு பேர் உட்கார்ந்தால் முழங்கை இடிக்கும். இன்றைக்கும் இடித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள்.