டிராக்கை ஏத்து

ஒரே பாட்டை நாளுக்கு நான்கு தரம் போடச் சொன்னால் யாருக்குத்தான் எரியாது? அதிலும் அந்தப் பாட்டில் வரும் துரோகி நீதான் என்று ஊரே விரல் நீட்டும்போது?

பானுப்பிரியாவுக்கு மூன்று மாதமாக அதுதான் பிழைப்பு. ஆவடி கோவில்பதாகையில் அவள் அப்பா சின்னசாமி சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். மிக்சர் மேசையில் உட்காருவது அவள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் முதலில் பிள்ளையார் பாட்டு, அடுத்து "அந்த சரண் பாட்டப் போடுங்க." கிடார் மெல்ல விசும்பும். சரண் உருகுவான். பருத்திப்பட்டு ஏரிக்கரையில், கொட்டும் மழையில், அவனைக் கைவிட்டுப் போனாளாம் ஒருத்தி. ஸ்பீக்கர் வயர் சுற்றிச் சுற்றிச் சிவந்த கைக்காரியாம். டாப் டென் பட்டியலில் பதினோரு வாரமாக அதுதான் முதலிடம்.

உண்மையில் விட்டுப் போனவன் அவன். பாட்டு வெளியிட ஒரு கம்பெனி கிடைத்த அன்றோடு போன் எடுப்பதை நிறுத்தினான். ஏரிக்கரை மழையில் இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்து நனைந்தவள் இவள். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? திருமுல்லைவாயிலிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "பாட்டுல வர்ற பொண்ணுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. எதிர்வீட்டு வேம்புலியம்மாள் நேருக்கு நேராகவே, "அந்தப் புள்ள சாபம் சும்மா உடாதுடி" என்றாள்.

ஆடி ஞாயிறு. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியாயிற்று, சாயங்காலம் சரண் கச்சேரி. வேறு ஆளை மேசையில் உட்கார வைக்கலாம் என்றார் சின்னசாமி.

"நம்ம கோயிலு, நம்ம செட்டு. நான் ஏம்பா எழுந்து போணும்?" என்றாள் பானு.

ஐந்து மணிக்கு சரண் மேசைக்கு வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று அவள் ஒரு நொடி நம்பித் தொலைத்தாள்.

"பானு, பென் டிரைவ்ல என் குரலு பதிஞ்ச டிராக் கீது. கோரஸ் வந்தா நல்லா ஏத்தி உடு. தொண்ட கட்டிகினு கீது."

"ஏத்தறேன். மேடையில ஒரு வார்த்த சொல்லு. உட்டுட்டுப் போனது நீதான்னு."

"இன்னா பேசற? நான் உன் பேரையா சொன்னேன்? பொண்ணு ஏமாத்துனாதான் பாட்டு ஓடும். ஜனம் அத்ததான் கேக்குது."

"வயர் சுத்துற கைன்னு பாடிட்டு, பேரு வேற சொல்லணுமா?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டு மேடை ஏறினான். பானு பென் டிரைவை மிக்சரில் செருகினாள். அழுகை இல்லை, அத்தனையும் கோபம்.

கோரஸ் வந்தது. பானு டிராக்கை அடியோடு இறக்கினாள். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களில் சரணின் சொந்தக் குரல் மட்டும் பிசிறடித்தது. முன்வரிசையில் சிரிப்பு. அவன் கையை மேலே, மேலே என்று காட்டினான். அவள் மேசையிலிருந்த சின்ன மைக்கை எடுத்தாள். அதில் பேசினால் மேடையில் அவன் காலடியில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியில் மட்டும் கேட்கும்.

"சொன்னாதான் ஏத்துவேன்."

ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு பாடுகிற மைக்கிலேயே பேசிப் பழகியவன் அவன். சுர்ரென்று ஏறிய கோபத்தில், எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோய், பாடுகிற மைக்கிலேயே கத்தினான்.

"ஆமாடி, நான்தான் உட்டுட்டுப் போனேன்! மழையில நீ நின்னுகினு இருந்ததும் தெரியும்! இப்ப இன்னான்ற? டிராக்கை ஏத்து!"

நுணலும் தன் வாயால் கெடும். பன்னிரண்டு குழாயும் அதைக் கோவில்பதாகை முழுக்கச் சொல்லின.

வேம்புலியம்மாள் எழுந்து மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்துக் கத்தினாள்: "அடப்பாவி! உன் பாட்ட நம்பி அந்தப் பொண்ண வாய்க்கு வந்தபடி பேசிட்டேனேடா!"

பானு கேட்டது கிடைத்துவிட்டது. கொடுத்த வாக்கை மீறுகிறவள் அல்ல அவள். டிராக்கை முழுசாக ஏற்றினாள்.

'போயிட்டியே, போயிட்டியே' என்று குழாய்களில் சரணின் குரல் தேம்பித் தேம்பி அழுதது. மேடையில் சரண் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான்.