ரெமிகியின் சம்மதம்

பாலாடைக்கட்டி சுமக்கும் மரச்சட்டத்தில் அப்பாவை உட்கார வைத்து, இடுப்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டினாள் வெரேனா. அவள் கணவன் பால்ட்ஸ் அதை முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்தான்.

"மாமா, ஆட்டுக்குட்டிகூட உங்களைவிடக் கனமா இருக்கும்."

"வாயைக் குறைச்சு நடையைக் கூட்டுடா," என்றார் ரெமிகி. காய்ச்சல் இன்றைக்குத்தான் சற்று விட்டிருந்தது.

இன்றுதான் கடைசி நாள். மதிய மணி அடித்தால் பள்ளிக்கூடத்தில் பதிவேட்டை மூடிவிடுவார்கள். நாட்டுக்குப் புதிய அரசியல் சட்டமாம். ஊர் ஆண்கள் நாலு நாளைக்குள் வேண்டும், வேண்டாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். வராதவர்களெல்லாம் சம்மதம் என்று கணக்கு. இந்த நியாயத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான்கள் பிரெஞ்சுக்காரன் தயவில் நாற்காலியில் இருந்தார்கள். நாலு வருடத்துக்கு முன் அந்தப் பிரெஞ்சுச் சிப்பாய்கள்தான் வெரேனாவின் தம்பியை வைக்கோல் கொட்டகை வாசலில் குத்திக் கொன்றார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டுத்தான் சாவேன் என்று கிழவர் ஒற்றைக்காலில் நின்றார்.

பாதி இறக்கத்தில் அவர் பேச்சு நின்றது. தூங்குகிறார் என்று வெரேனா நினைத்தாள். மரப்பாலத்தில் தலை சாய்ந்தபோது மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"என்னடி?"

"நிக்காதீங்க. நடங்க."

பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா அலாய்ஸ் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"போயிட்டாரேம்மா."

"பட்டியல்லேர்ந்து பேரை அடிச்சிடுங்க."

"பட்டியல் போன வாரமே மேல போயிடுச்சு. அதுல உன் அப்பா உயிரோடதான் இருக்கார்."

"அப்ப வேண்டாம்னு எழுதுங்க. அவர் மனசு ஊருக்கே தெரியும்."

"அவரே சொல்லணும்மா. சொல்லலேன்னா..."

நல்ல மனிதர், அவளுக்கு அதுதான் இன்னும் எரிந்தது. மணி அடித்தது. அலாய்ஸ் பதிவேட்டை மூடினார்.

திரும்பும் வழியிலும் பால்ட்ஸே அவரைச் சுமந்தான். நீர்த்தொட்டியில் ஜோசெஃபா வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பிரெஞ்சுச் சிப்பாய்கள் வந்த அந்த நாளில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவள்.

"என்னடி, கிழவர் போட்டாரா? என்ன சொன்னாரு?"

"சம்மதம்னு."

"யாரு, ரெமிகியா?" ஜோசெஃபா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, மரச்சட்டத்தின் ஓரத்தில் தொங்கி ஆடிய கிழவரின் கையைப் பார்த்தாள்.

வாளியை மெல்லக் கீழே வைத்தாள்.