நான்காம் பத்தி

அக்கா சட்டைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தபோது, மடிப்பில் மஞ்சளாகக் கறை பட்டிருந்தது. மார்புக் கட்டி உடைந்து ஒரு வாரமாகிறதாம். அந்த வாடை அடுப்படி வரைக்கும் வந்தது. திங்கட்கிழமை ஆப்பரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள், போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், நீ வந்து பேசு என்று அத்தான் போன் செய்ததால்தான் வந்திருந்தேன்.

"போகத் தேவையில்ல. பெரியவரே எழுதியிருக்காரு, படிச்சுப் பாரு."

படித்துப் பார்ப்பானேன்? எனக்கு மனப்பாடம். "என் மகளே, உனக்காக மன்றாடினேன். கத்தி உன் உடலைத் தொடாது." நான்காம் பத்தி. கீழே பெரியவரின் கையெழுத்து, அதைப் போட்டது நான். மேல் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு நான்கு, அதுவும் என் கைதான்.

பெரியவர் நடத்தும் பிரார்த்தனை இல்லத்தின் கடிதப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வருகிற கடிதங்களிலிருந்து பெயரையும் விலாசத்தையும் கிழித்துத் தனியாக வைத்துவிடுவார்கள். ஆள் தெரிந்தால் மனசு சாயுமாம். மீதித் தாள் எங்கள் மேஜைக்கு வரும். அதன்மேல் இடது உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் காத்திருக்க வேண்டும். அச்சடித்து வைத்திருக்கும் பன்னிரண்டு பத்திகளில் எதைப் பதிலாக அனுப்புவது என்று கடவுள் உள்ளே சொல்வார். அந்த எண்ணைப் பதில் தாளின் மூலையில் பென்சிலால் எழுதி, பெரியவரின் கையெழுத்தையும் நாங்களே போட்டுவிடுவோம். ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள், நான் நம்பினேன். கண்ணை மூடாமல் ஒரு எண்ணைக்கூட எழுதியதில்லை. சீழ் பட்ட துணியையும் உதிர்ந்த முடியையும் கடிதத்தோடு வைத்து அனுப்புவார்கள். அதையும் முகம் சுளிக்காமல் தொட்டு, அந்தக் கையோடே கும்பிட்டிருக்கிறேன்.

தன் கையெழுத்தைப் பார்த்தால் நான் பதறுவேன் என்று, அக்கா பக்கத்து வீட்டு டெய்லரம்மாவைக் கொண்டு எழுதிப் போட்டிருக்கிறாள். என்னைத் தூக்கி வளர்த்தவளுடைய கட்டி அது. அந்தத் தாளின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். ஒரு நடுக்கம்? ஒரு உறுத்தல்? ஒரு மண்ணும் இல்லை. நான்கு என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இத்தனை வருடமாக உள்ளே பேசியது யார் என்று இப்போது தெரிந்துபோனது. யாருமில்லை. நானே பேசி, நானே கேட்டு, நானே பரவசப்பட்டிருக்கிறேன். த்தூ, இதுவும் ஒரு பிழைப்பு. இன்னும் எத்தனை பேருக்கு நான்கு போட்டேனோ. எழுந்து போய்க் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சோப்பு கரைந்ததுதான் மிச்சம்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளங்கை, பென்சில், பெரியவர் ஒரு கடிதத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்பது வரைக்கும். அத்தான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னை அறைவாள் என்று நினைத்தேன், அறைந்தால் தேவலை என்றும் இருந்தது. அவளோ, சின்ன வயதில் நான் கணக்கைத் தப்பாகப் போடும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"நீ எழுதுனா என்னடி? எழுத வச்சது யாரு?"

"யாரும் இல்லக்கா. சும்மா மனசுல வந்த நம்பர்."

"உனக்கு அப்படித்தான் தெரியும்."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன், பிள்ளைகளைச் சொன்னேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். எதுவும் ஏறவில்லை. கடைசியில் அவளுக்கே என்மேல் பாவமாகிவிட்டது. முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அப்ப ஒன்னு செய். இன்னொரு தடவ கேளு. 'போ'ன்னு வந்தா போறேன்."

அத்தான் உள்ளே போய் ஒரு தாளும் தன் மைப் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா என் இடது கையை எடுத்துத் துணிக்கு மேலேயே அந்தக் கட்டியின்மீது வைத்துக்கொண்டாள். சூடாக, ஈரமாக இருந்தது. கண்ணை மூடு என்றாள். மூடினேன். இருட்டாக இருந்தது, வேறொன்றும் இல்லை. இந்த அசிங்கத்தை இனி ஜென்மத்துக்கும் செய்யமாட்டேன் என்று குழாயடியில் நின்று சத்தியம் செய்திருந்தேன். யார்மேல் செய்தேன் என்று யோசித்தபோது சிரிப்பு வந்தது.

கண்ணைத் திறந்து, என்னைவிட ஒன்பது வயது மூத்தவளுக்கு "என் மகளே" என்று எழுதினேன். "உனக்காக மன்றாடினேன். கத்தியைப் பிடிக்கும் கையைக் கடவுள் பிடித்திருப்பார். திங்கட்கிழமை போ." பெரியவரின் கையெழுத்தை வழக்கத்தைவிட நன்றாகவே போட்டேன்.

மை காய்வதற்குள் அக்கா தாளைப் பிடுங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். எடுத்தபோது இடது இமையில் நீலமாக ஒட்டியிருந்தது. துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, ஆஸ்பத்திரிப் பையில் துணி எடுத்துவைக்க உள்ளே போனாள்.